குவளைக்கு வெளியே இருந்த துளி: பாடங்களை இணைக்க முயன்ற ஓர் ஆசிரியைக்குப் பதில்

நான்காம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியை எழுதிய நீண்ட கடிதம் இது. தம் பெயரும் பள்ளியும் வெளியே தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். அவர் வகுப்பில் 36 பிள்ளைகள். பாடவேளை 40 நிமிடம். வகுப்புக்கென்று இருப்பவை 2 டேப்லெட்டுகள். சென்ற பருவத்தில், தலைமையாசிரியர் சொன்னதன்பேரில், ‘நீர்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அறிவியல், ஓவியம், இசை, கணினி நான்கையும் இணைத்து 4 வாரத்துக்கு 14 செயல்பாடுகளைத் திட்டமிட்டார். நீர்ச் சுழற்சிக்குச் சுழலும் அட்டைச் சக்கரம், மழைப் பாட்டு, மினுமினுப்புத் தூள் ஒட்டிய துளிகள், டேப்லெட்டில் காணொளி, வடிகட்டி மாதிரி என்று வகுப்பறையே நிறைந்துபோனது. கண்காட்சியில் பாராட்டாதவர் இல்லை. மூன்று வாரம் கழித்து, பனிக்கட்டி போட்ட கண்ணாடிக் குவளை ஒன்றை மேசையில் வைத்து, அதன் வெளிப்பக்கம் படிந்த துளிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் “உள்ளேயிருந்து கண்ணாடி வழியாகக் கசிந்து வந்தது” என்று சொன்னார்களாம்.

அந்தப் பதில் அவரை உலுக்கியிருக்கிறது. அதே சமயத்தில் ஓவிய ஆசிரியையும், “என் பாடவேளை உங்கள் சார்ட்டுக்கு வண்ணம் அடிக்கிற நேரமாகிவிட்டது” என்று சொல்லி, அடுத்த பருவத்தில் சேர மறுத்துவிட்டார். பெற்றோர் சிலர் பாடம் முடியவில்லை என்று புகார் சொல்கிறார்கள். தலைமையாசிரியரோ ‘ஒளி’ அலகையும் இதே போலச் செய்து 5 வாரத்தில் கண்காட்சி வைக்க வேண்டும் என்கிறார். இனிமேலும் பாடங்களை இணைப்பதா, விட்டுவிடுவதா. கலையைச் சேர்த்தால் அறிவியல் மதிப்பெண் தானாக உயரும் என்று பயிற்சி வகுப்பில் கேட்டது உண்மைதானா. இரண்டே டேப்லெட்டை வைத்துக்கொண்டு தொழில்நுட்பம் என்று எதைச் சொல்வது. இணைத்த பாடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மதிப்பெண் போடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கண்காட்சி நன்றாக நடந்து முடிந்த பிறகும் அந்தக் குவளையை மேசையில் கொண்டுவந்து வைத்தீர்களே, அதற்காக முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலோர் பாராட்டோடு விஷயத்தை முடித்துவிடுவார்கள். நீங்கள் கேட்டதால்தான் பிரச்சினை தெரிந்தது. கேட்காத வகுப்புகளிலும் அது இருந்திருக்கும்.

அந்தப் பதிலால் நீங்கள் இவ்வளவு குன்றிப்போக வேண்டியதில்லை. குளிர்ந்த குவளையின் வெளித்துளி உள்ளேயிருந்து கசிகிறது என்பது, இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் கண்ட எண்ணம். காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது என்பதை ஏற்காத பிள்ளைக்கு, துளி வருவதற்குக் குவளையின் உள்பக்கத்தைத் தவிர வேறு இடம் ஏது? அதன் தர்க்கம் சரியாகவே இருக்கிறது, கையில் இருக்கும் தகவல்தான் போதவில்லை. உங்கள் 14 செயல்பாடுகளையும் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். நீராவி குளிர்ந்து நீராவதைச் சொல்பவை அவற்றில் ஐந்து. துளி உள்ளேயிருந்து கசிகிறது என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் சோதித்துப் பார்க்க இடம் தந்தது ஒன்றுகூட இல்லை. சக்கரத்தில் மேகத்திலிருந்து அம்புக்குறி கீழே வருகிறது, பாட்டில் மேகம் அழுகிறது, மினுமினுப்புத் துளியும் மேகத்திலிருந்தே தொங்குகிறது. ஒரே வாக்கியத்தை ஐந்து முறை அலங்கரித்திருக்கிறீர்கள்.

குவளைக்குள் சிவப்புச் சாயம் கலந்த நீரை ஊற்றி, வெளியே வரும் துளியை வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் தாள் சிவக்காது. இன்னும் ஒரு படி மேலே போய், பனிக்கட்டி போட்டு இறுக மூடிய பாத்திரத்தைத் துல்லியமான எடைக்கருவியில் வைத்துப் பத்து நிமிடம் பொறுத்திருந்தால், காற்றில் ஈரம் போதுமான அளவு உள்ள நாளில், அதன் எடை சிறிதளவு கூடும். உள்ளே இருந்தது வெளியே கசிந்திருந்தால் எடை மாறியிருக்காது. கூடியதென்றால் வெளியிலிருந்து ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. இந்த ஒரு பாடவேளையை இப்போதும் நடத்தலாம். ‘நீர்’ அலகு முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

கலை மதிப்பெண்ணை உயர்த்துமா?

பயிற்சி வகுப்பில் கேட்டதாக நீங்கள் எழுதியிருப்பது பரவலான நம்பிக்கை, ஆனால் அதன் அடித்தளம் பலவீனமானது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்றில் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் இருவரும் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். கதைகளை நடித்துப் பார்ப்பது மொழித்திறனுக்குத் துணைசெய்கிறது, இசைக்கும் இடம்சார் சிந்தனைக்கும் ஓரளவு தொடர்பு இருக்கிறது என்பன போன்ற சில குறிப்பான பயன்களுக்கு அவர்கள் ஆதாரம் கண்டார்கள். ஆனால் பொதுவாகக் கலை கற்பதால் மற்றப் பாடங்களின் மதிப்பெண் உயர்கிறது என்பதை நிறுவும் சான்று கிடைக்கவில்லை. கலையில் ஈடுபாடு கொண்ட இவ்விருவரே இதை வெளியிட்டதும் கலை ஆசிரியர்கள் பலர் வருந்தினார்கள். அவர்களுக்கு இவ்விருவரும் சொன்ன பதில், கலையை அதற்காகவே கற்பிக்க வேண்டும், கணக்குக்கும் அறிவியலுக்கும் பணியாளாக அதை நியாயப்படுத்தத் தொடங்கினால் ஒருநாள் அந்த நியாயம் பொய்த்துவிடும் என்பது. உங்கள் ஓவிய ஆசிரியையும் ஏறத்தாழ இதையேதான் சொல்லியிருக்கிறார்.

எனவே, கலையைச் சேர்த்தால் அறிவியல் நன்றாக ஏறும் என்ற எதிர்பார்ப்போடு இந்த வேலையில் இறங்காதீர்கள். ஒரு பாடம் தன் வேலையைச் செய்து முடிக்க இன்னொரு பாடம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று இருந்தால் அங்கே இணையுங்கள். இல்லாத இடத்தில் இரண்டையும் அதனதன் பாடவேளையில் தனித்தனியாகவும் நன்றாகவும் நடத்துங்கள். ‘நீர்’ போன்ற ஒரு பெயர்ச்சொல்லின்கீழ் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடலாம். அதனாலேயே அது எதையும் கட்டிப்போடாது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல், பிள்ளைகள் ஒரு வேலையைச் செய்தே கற்கும் செயல்திட்ட முறையை முன்வைத்த காலத்திலிருந்தே, கைகள் ஓடுகின்றன, மனம் எங்கே போகிறது என்ற கேள்வியும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

இதில் நானும் தவறியிருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுவது நியாயம். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் சூரியக் குடும்பத்தைத் தெர்மாகோல் உருண்டைகளால் செய்யவைத்தேன். பிள்ளைகள் ஒரு வாரம் வண்ணம் தீட்டினார்கள். என் சூரியன் பூசணி அளவு, என் பூமி ஆரஞ்சு அளவு. சூரியனை 1 மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகக் கொண்டால் பூமி சுமார் 9 மில்லிமீட்டர் மணி, அதுவும் ஏறத்தாழ 107 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அழகான அந்தக் கைவேலை நான் கற்பிக்க நினைத்ததற்கு நேர்மாறானதைக் கற்பித்தது. கலை வேலை கவனமாகத் திட்டமிடப்படாவிட்டால் வெறுமனே பயனற்றுப் போவதோடு நின்றுவிடுவதில்லை. தவறான படம் ஒன்றை மனத்தில் ஆழமாகப் பதித்தும்விடும்.

ஓவிய ஆசிரியையின் பக்கத்து நியாயம்

அவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. திட்டம் முழுவதும் தயாரான பிறகு அவரிடம் கொடுத்து, இத்தனையாம் தேதிக்குள் துளிகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தம் பாடவேளையில் தம் பாடத்தைக் கற்பிக்க அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பருவத்துக்கென்று அவருக்கும் ஒரு பாடத்திட்டம் இருக்கும். அவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: “அடுத்த பருவத்தில் நீங்கள் எதைக் கற்பிக்கப் போகிறீர்கள்?” உருவரை (உருவத்தின் வெளிக்கோடு), எதிர்வெளி (உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம்), கறுப்பு வெள்ளை முரண் ஆகியவற்றில் ஏதேனும் அவர் பட்டியலில் இருந்தால், ஒளி அலகோடு அது இயல்பாகச் சேரும். நீர்வண்ணமும் நிறக்கலவையும்தான் அவர் திட்டம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அறிவியல் பாடவேளைக்குள்ளேயே சிறிய அளவில் செய்துகொள்ளலாம், அல்லது அவருடைய பாடம் வரும் பருவத்துக்கு இணைப்பைத் தள்ளி வைக்கலாம்.

ஓவியத்தை அறிவியலின் எடுபிடியாக நீங்கள் கருதவில்லை என்பதைக் காட்ட ஓர் உண்மைக் கதையை அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். 1609ஆம் ஆண்டின் நடுவில் இங்கிலாந்தில் தாமஸ் ஹேரியட் என்ற கணித, வானியல் அறிஞர் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தார். அவர் படத்தில் இருந்தது ஒழுங்கற்ற ஒரு கோடும் சில கறைகளும். சில மாதங்களில் இத்தாலியில் கலிலியோ அதே நிலவைப் பார்த்து, அந்தக் கறைகளை மலைகளின் நிழலாகவும் பள்ளங்களின் இருளாகவும் வரைந்தார். அந்த நிழலைப் படிக்கும் கண்ணை அவருக்குக் கொடுத்தது ஓவியப் பயிற்சியே என்று கலை வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். 1610இல் கலிலியோவின் படங்கள் அச்சான பிறகு ஹேரியட் வரைந்த நிலவிலும் பள்ளங்கள் தென்படத் தொடங்கின. கருவி இருவரிடமும் இருந்தது. எதைப் பார்க்கிறோம் என்பதுதான் வேறுபட்டது.

ஒளி அலகுக்கு என் யோசனை

உங்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. சென்ற பருவம் போல எல்லாப் பாடங்களையும் சேர்த்து 4 வாரப் பெரிய அலகாகச் செய்வது ஒன்று. அறிவியலையும் ஓவியத்தையும் மட்டும் முதன்மையாக்கி, தொழில்நுட்பத்தைத் துணையாக வைத்து 3 வாரத்தில் முடிப்பது மற்றொன்று. இணைப்பையே கைவிட்டு வழக்கம்போல நடத்துவது மூன்றாவது. மூன்றாவதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனாலும் நிழலைப் பொறுத்தவரை இரண்டாவது வழியையே பரிந்துரைக்கிறேன். ஏனெனில் நிழல் நாடகம் என்ற ஒரு வேலையில் அறிவியலுக்கு ஓவியமும் ஓவியத்துக்கு அறிவியலும் மெய்யாகவே தேவைப்படுகின்றன. இசையை இந்த முறை விட்டுவிடுங்கள்.

நிழலைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே 1920களில் சிறுவர்களிடம் நிழல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, சிறியவர்கள் அதை இரவிலிருந்து வருவதாகவும், சற்று வளர்ந்தவர்கள் பொருளிலிருந்து வெளிப்படும் ஒன்றாகவும் சொன்னார்கள். ஒளி மறைக்கப்பட்ட இடம்தான் நிழல் என்ற எண்ணம் பின்னால்தான் வருகிறது. உங்கள் வகுப்பில் வெயிலில் நிற்கும் ஒரு சிறுமியையும் அவள் நிழலையும் வரையச் சொல்லுங்கள். சூரியன் இருக்கும் பக்கத்திலேயே நிழலையும் வரைபவர் இருப்பார். நிழலுக்குக் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் போடுபவரும் இருப்பார். எனவே முதல் நாள் ஓவியம் உங்களுக்கு அலங்காரப் பொருளாக அமைவதைக் காட்டிலும், பிள்ளையின் மனத்தைப் படம்பிடிக்கும் கருவியாக அமையும். அதற்கு மதிப்பெண் போட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது நாடகம். 4 பேர் கொண்ட 9 குழுக்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டே பாத்திரங்கள் வரும் ஒரு நிமிடக் காட்சியைச் செய்ய வேண்டும். பாத்திரங்களில் ஒன்று பூதம், மற்றொன்று சிறுவன். இதற்கு நீங்கள் விதிக்க வேண்டிய நிபந்தனை ஒன்றே ஒன்று: எல்லா அட்டைப் பொம்மைகளும் 10 செ.மீ. உயரம்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையில்தான் அலகு முழுவதும் நிற்கிறது. பூதமும் சிறுவனும் ஒரே உயரம் என்றால், பூதத்தைப் பெரிதாக்க அட்டையை நம்ப முடியாது, ஒளியைத்தான் நம்ப வேண்டும்.

டார்ச்சிலிருந்து திரை 150 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பொம்மையைத் திரைப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிதாகுமா, விளக்குப் பக்கம் கொண்டுபோனால் பெரிதாகுமா என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். செய்து பார்ப்பதற்கு முன் எழுத வேண்டும் என்பது முக்கியம். “விளக்குக்குப் பக்கத்தில் போனால் வெளிச்சம் அதிகம், அதனால் நிழல் சுருங்கும்” என்று உறுதியாகச் சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். பிறகு அளக்கட்டும். விளக்கிலிருந்து 100 செ.மீ. தொலைவில் பொம்மை இருந்தால் நிழல் 15 செ.மீ.; 75 செ.மீ. தொலைவில் 20 செ.மீ.; 50 செ.மீ. தொலைவில் 30 செ.மீ. பிள்ளைகளின் அளவுகள் ஒன்றிரண்டு செ.மீ. முன்பின் வரும், அது ஏன் என்று பேசுவதும் பாடம்தான். விகிதக் கணக்கு அவர்களுக்கு வேண்டாம். அட்டவணையைப் பார்த்து, சிறுவனைவிட இரண்டு மடங்கு பெரிய பூதம் வேண்டுமென்றால் எந்தப் பொம்மையை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர்களே சொன்னால் போதும்.

இங்கேதான் ஓவியத்தின் முறை வருகிறது. பெரும்பாலான குழுக்கள் முதலில் நேர்முகமாகப் பார்க்கும் வட்ட முகத்தை வெட்டி, அதில் பேனாவால் கண்ணும் பல்லும் வரைவார்கள். விளக்கை ஏற்றியதும் திரையில் ஒரு கறுப்பு உருண்டை மட்டும் தெரியும். அந்தக் கணத்தில் நீங்கள் எதுவும் பேசாதீர்கள். நிழலில் கண் ஏன் வரவில்லை என்ற அறிவியல் கேள்வியும், உருவரையால் மட்டுமே ஒரு முகத்தை எப்படிச் சொல்வது என்ற ஓவியக் கேள்வியும் அந்த ஒரே உருண்டையிலிருந்து எழுகின்றன. கண் வேண்டுமென்றால் துளை போட வேண்டும், மூக்கு வேண்டுமென்றால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்பதைச் சிலர் தாமாகவே கண்டுபிடிப்பார்கள், மற்றவர்களுக்கு ஓவிய ஆசிரியை காட்டுவார். முதல் நாள் நிழலுக்குச் சிரிப்பு வரைந்த பிள்ளைக்கு, இதைவிட நல்ல திருத்தத்தை எந்தச் சார்ட்டும் தராது.

இன்னொரு சிக்கலும் தானாகவே வரும். பூதத்தை விளக்குக்கு அருகில் கொண்டுபோகும்போது நிழல் பெரிதாகும், ஆனால் அதன் விளிம்பு மங்கும். ஓவியக் கண்ணுக்கு அது பிடிக்காது. ஒளி புறப்படும் இடம் அகலமாக இருப்பதால்தான் விளிம்பு மங்குகிறது என்பதைக் கண்டறிய, நடுவில் சிறு துளையிட்ட கறுப்புத் தாளால் டார்ச்சின் முகத்தை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு கூர்மையாகும், கூடவே வெளிச்சமும் குறையும். கூர்மையா, வெளிச்சமா என்று குழு முடிவெடுக்க வேண்டும். ஒரு குழு, பூதம் மங்கலாக இருந்தால்தான் பயமாக இருக்கிறது என்று சொல்லி வேண்டுமென்றே அப்படி விடக்கூடும். காரணம் தெரிந்து எடுத்த முடிவு என்றால் அது சரியான முடிவு.

பாடவேளைக் கணக்கு: உங்கள் கால அட்டவணைப்படி 3 வாரத்தில் அறிவியலுக்கு 12, ஓவியத்துக்கு 6, கணினிக்கு 3 பாடவேளைகள் கிடைக்கின்றன. இந்த அலகுக்கு முறையே 8, 5, 2 எடுத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள 6 பாடவேளைகள் அந்தந்தப் பாடத்துக்கே. கண்ணாடியில் ஒளி எதிரொளிப்பது உங்கள் பாடப்பகுதியில் இருந்தால் அதை நாடகத்துக்குள் திணிக்க வேண்டாம். தனிப் பாடவேளையில் நேரடியாகக் கற்பித்துவிடுங்கள். அலகுக்குள் அடங்காதது அலகுக்கு வெளியே இருக்கட்டும்.

இரண்டு டேப்லெட்டுகள்

தொழில்நுட்பம் என்றதும் திரையை மட்டும் நினைத்துக்கொள்வது நம் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம். தேவையை வரையறுத்து, ஒரு பொருளைச் செய்து, சோதித்து, குறையைக் கண்டு மாற்றிச் செய்வதும் தொழில்நுட்பக் கல்விதான். பூதத்தின் கை ஏறி இறங்க வேண்டும் என்றால் மூட்டு வேண்டும். முடிச்சிட்ட நூலால் செய்வதா, வளைத்த கம்பியாலா, கையை ஆட்டும் குச்சி நிழலில் தெரியாமல் எங்கே ஒட்டுவது என்பவை முழுமையான வடிவமைப்புக் கேள்விகள். முதல் மூட்டு கட்டாயம் கழன்று விழும். இரண்டாவது மூட்டைச் செய்ய நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்பதே என் கவலை. உங்கள் ‘நீர்’ திட்டத்தில் எந்தப் பொருளையும் இரண்டாம் முறை செய்ய இடமே இல்லை.

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் படமெடுத்துக் கோக்கும் அசைவூட்டப் படம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 6 படம் என்று மிகச் சிக்கனமாக வைத்தாலும் 10 விநாடிக் காட்சிக்கு 60 படங்கள் எடுக்க வேண்டும். பொம்மையை நகர்த்திப் படமெடுக்க 20 விநாடி என்றால் ஒரு குழுவுக்கு 20 நிமிடம். 9 குழுக்களுக்கு 180 நிமிடம், இரண்டு டேப்லெட்டில் குறைந்தது 90 நிமிடம். எதுவும் தவறாமல் நடந்தால்கூட இரண்டு பாடவேளைக்குள் அடங்காது, காத்திருக்கும் 28 பிள்ளைகளுக்கும் வேலையில்லை. வேண்டாம். 2007இல் வெளிவந்த ஸ்க்ராட்ச் போன்ற நிரலாக்கக் கருவிகளில் இதே காட்சியை அமைப்பதும் நல்ல வேலைதான், ஆனால் அது தனி அலகு. இந்த முறை டேப்லெட்டுகளை ஒத்திகையைப் படமெடுத்துப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்குத் தன் நிழல் முன்னாலிருந்து எப்படித் தெரிகிறது என்று தெரியாது. அதைக் காட்டக் கருவி உண்மையாகவே தேவைப்படுகிறது.

மதிப்பெண்

ஒரே மதிப்பெண் போடாதீர்கள். நாடகம் கலகலப்பாக இருந்ததற்காக அறிவியலில் உயர்ந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, நிழல் ஏன் பெரிதானது என்று தெரியாமலே போகலாம். நன்றாகப் புரிந்துகொண்ட, கூச்சமுள்ள பிள்ளை பின்தங்கியும் போகலாம். அறிவியலுக்கு, தான் முன்கூட்டிச் சொன்னதையும் அளந்ததையும் ஒப்பிட்டுக் காரணம் சொல்கிறதா என்று பாருங்கள். ஓவியத்துக்கு உரிய அளவுகோலை ஓவிய ஆசிரியையே எழுதட்டும், அவரே மதிப்பிடட்டும். தொழில்நுட்பத்துக்கு, இரண்டாவது பொம்மை முதலாவதைவிட எந்த வகையில் மேம்பட்டது, ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். அறிவியல் மதிப்பெண் குழுவுக்குப் பொதுவாக இருக்கக் கூடாது. கடைசி நாளில், முதல் நாள் கொடுத்த அதே ஓவியத்தை ஒவ்வொருவரும் தனியாக மீண்டும் வரைந்து, அடியில் இரண்டு வரி விளக்கமும் எழுத வேண்டும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால் உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும். சென்ற முறை போல மூன்று வாரம் கழித்தும் ஒரு கேள்வி கேளுங்கள்.

பெற்றோரும் தலைமையாசிரியரும்

பெற்றோரின் புகாரைத் தள்ளிவிடாதீர்கள், அதில் உண்மை இருந்தது. அலகு தொடங்கும் முன்பே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: பாடப்புத்தகத்தின் எந்தப் பகுதிகள் நாடகத்தின் வழியாக வரும், எவை வழக்கமான முறையில் வரும், எந்தத் தேதிக்குள் முடியும். இதையே உங்கள் பாடக்குறிப்பிலும் எழுதி வைத்தால், பின்னால் யார் கேட்டாலும் காட்டுவதற்குக் கையில் இருக்கும்.

தலைமையாசிரியரிடம் மறுத்துப் பேச வேண்டியதில்லை, திட்டத்தைச் சுருக்கி எழுத்தில் கொடுத்தால் போதும். அவர் கேட்பது கண்காட்சி. அது அவருக்குக் கிடைக்கும். கண்காட்சியில் பளபளப்பான பொருளுக்குப் பதிலாக, முதல் நாள் ஓவியம், தவறிப்போன முன்கணிப்பு, அளவு அட்டவணை, கழன்று விழுந்த முதல் மூட்டு, கடைசி ஓவியம் என்று ஒரு குழுவின் பாதையை வரிசையாக வைக்கலாம் என்று சொல்லுங்கள். ஒருவேளை அவருக்கு அது பிடிக்காமல் போகலாம். அப்படியானால் நாடகத்தை மேடையேற்றிவிட்டு, அந்த வரிசையை ஓரத்தில் ஒரு மேசையில் வையுங்கள். 5 வாரத்தில் 3 வாரம் அலகுக்கும் 1 வாரம் ஒத்திகைக்கும் போக, ஒரு வாரம் கைவசம் இருக்கும். அந்த வாரத்தை நிரப்பப் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

பாதுகாப்பும் அனுமதியும்

இவை சிறியவைபோலத் தெரிந்தாலும் தவறினால் பெரியவை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை வெளியே நிழல் அளக்கப் போகும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். லேசர் விளக்கு வகுப்பறைக்குள் வரவே வேண்டாம். எல்.இ.டி. டார்ச் போதும், சூடாகும் பல்புகளை அட்டைக்கு அருகில் வைப்பது ஆபத்து. துளைபோடும் கத்தி உங்கள் கையிலோ ஓவிய ஆசிரியை கையிலோ மட்டும் இருக்கட்டும். இருட்டிய அறையில் 36 பிள்ளைகள் நடமாடுவார்கள் என்பதால், திரைகளுக்கு இடையே பைகள் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படங்களை வெளியே பகிர்வதானால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நிழலை மட்டும் படமெடுத்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

திங்கட்கிழமை ஒளி என்ற சொல்லைக்கூட வகுப்பில் சொல்வதற்கு முன், ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, வெயிலில் நிற்கும் அந்தச் சிறுமியை வரையச் சொல்லுங்கள். 36 தாள்களில் எத்தனை நிழல்களுக்குக் கண் இருக்கிறது, எத்தனை நிழல்கள் சூரியன் இருக்கும் பக்கத்திலேயே விழுகின்றன என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அளவெடுக்கும் பாடவேளையை முன்னால் வைப்பதா, பொம்மை வெட்டுவதை முன்னால் வைப்பதா என்பதை அந்த எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம்.